டிக்பாயிலிருந்து தேர்வாய் கண்டிகைக்கு: எண்ணெய் ஒரு ஊரை வளர்க்குமா?

தேர்வாய் கண்டிகை சிப்காட்டுக்கு வேலை விஷயமாக மாதத்தில் இரண்டு முறையாவது போய் வருகிறேன். ஆலைகளுக்கு ஸ்டாக், டிஸ்பாட்ச் கணக்குப் பார்க்கும் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. கவரைப்பேட்டையில் ஹைவேயை விட்டு சத்தியவேடு ரோட்டில் திரும்பிப் போகும்போது வழியில் ஒரு டீக்கடை. ஒருநாள் அங்கே இரண்டு வடகிழக்குப் பையன்கள் பன் தின்றுகொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டேன். ஒருவன் அசாம் என்றான். அசாமில் எங்கே என்றதும், "தின்சுகியா ஜில்லா. டிக்பாய்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிக்பாய்! பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்விக்குப் பதிலாகப் படித்த ஊர். இந்தியாவின் முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் ஊர். அங்கிருந்து ரயிலில் மூன்று நாள் பயணம் செய்து ஒருத்தன் இங்கே லோடிங் வேலைக்கு வருவானேன்? கேட்டேன். இங்கே வந்து கற்றுக்கொண்ட தமிழில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "எண்ணெய் இருக்கு சார். வேலை இல்ல."

கடைக்காரப் பெரியவர் டீ ஆற்றியபடியே சொன்னார்: "இங்க வேலை வந்திருக்கு, ஆனா ஊரு எங்க சார் வளந்துச்சு? பஸ்ஸுல வராங்க, ஷிஃப்ட் முடிஞ்சா பஸ்ஸுல போறாங்க."

இந்த இரண்டு பதில்களும் மண்டையில் உட்கார்ந்துகொண்டன. அதற்கப்புறம் இரண்டு மாதமாக ராத்திரி வேளைகளில் டிக்பாயைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததை வைத்து எனக்குத் தோன்றியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

யானைக் காலில் ஒட்டிய எண்ணெய்

மேல் அசாமில் எண்ணெய் இருப்பது அந்தக் காட்டு மக்களுக்கு ரொம்பக் காலமாகவே தெரியும். ஆற்றோரங்களில் தானாகக் கசிந்து வரும். 1825லேயே ஆங்கிலேய அதிகாரிகள் புரி திஹிங் ஆற்றங்கரைக் கசிவுகளைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டிரேக் என்பவர் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் கிணறு தோண்டி எண்ணெய் எடுத்தது 1859ல். எட்டே வருஷத்தில், 1867 மார்ச்சில், அசாமின் மாக்கும் பக்கத்தில் 118 அடி ஆழத்தில் எண்ணெய் கிடைத்துவிட்டது. தோண்டியவர்கள் கல்கத்தாவின் மெக்கில்லாப் ஸ்டூவர்ட் கம்பெனிக்காரர்கள்.

ஆனால் கவனியுங்கள், அப்போது எந்த ஊரும் உருவாகவில்லை. எண்ணெய் கிடைத்தது, அதைக் கொண்டுபோக வழி இல்லை. அடர்ந்த காடு, மலேரியா, வருஷத்தில் பாதி நாள் மழை. அந்த முயற்சி அப்படியே நின்றுபோனது.

நிலைமையை மாற்றியது ரயில். தேயிலைக்காகவும் நிலக்கரிக்காகவும் 1881ல் அசாம் ரயில்வேஸ் அண்ட் டிரேடிங் கம்பெனி லண்டனில் பதிவானது. பிரம்மபுத்திராவில் ஸ்டீமர் வந்து நிற்கும் திப்ருகரிலிருந்து மார்கெரிட்டா நிலக்கரிச் சுரங்கம் வரை தண்டவாளம் போட்டார்கள். அந்த வேலையில் இருந்த இத்தாலிய இஞ்சினியரை கௌரவிக்கத்தான் ஊருக்கு இத்தாலி ராணி மார்கெரிட்டாவின் பெயர் வந்தது. தண்டவாளத்துக்கு மரம் இழுக்கப் போன யானைகளின் காலில் கறுப்பாக எண்ணெய் ஒட்டியிருந்ததாகவும், அதைப் பார்த்த ஆங்கிலேய இஞ்சினியர் கூலியாளிடம் "டிக், பாய், டிக்!", அதாவது "தோண்டுடா பையா, தோண்டு!" என்று கத்தியதாகவும், அதுவே ஊர்ப் பெயர் ஆனதாகவும் ஒரு கதை உண்டு.

கதை ஜோராக இருக்கிறது. நான் நம்பவில்லை. அந்தப் பக்கத்து ஆறுகளின் பெயர்களைப் பாருங்கள்: திப்ரு, திஹிங், திசாங், திக்கௌ. அசாமின் திமாசா மொழியில் 'தி' என்றால் தண்ணீர். டிக்பாயும் ஏதோ ஓர் ஓடையின் பெயராக இருந்திருக்கும் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நம்ம ஊரில் ஏரி, தாங்கல் என்று முடியும் பெயர்கள் எத்தனை இருக்கின்றன! வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே இடத்துக்குப் பெயர் இருந்திருக்காதா என்ன?

டிக்பாயின் முதல் கிணறு 1889 செப்டம்பரில் ஆரம்பித்து 1890 நவம்பரில் 662 அடியில் முடிந்தது. கிடைத்தது ஒரு நாளைக்கு 200 கேலன். நம்ம கணக்கில் சுமார் 900 லிட்டர். சென்னையில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணி லாரியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இதை நம்பித்தான் 1899ல் அசாம் ஆயில் கம்பெனி தொடங்கப்பட்டது. 1901 டிசம்பர் 11ல் டிக்பாய் சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பித்தது.

ஏன் காட்டுக்குள்ளேயே ஆலை?

எனக்கு முக்கியமாகத் தோன்றிய இடம் இதுதான். ஆலையைக் கல்கத்தாவில் வைத்திருக்கலாமே? துறைமுகம் அங்கே, சந்தை அங்கே, ஆட்களும் அங்கே. ஆனால் குரூட் ஆயிலை அப்படியே சுமந்துகொண்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போவது கட்டுப்படி ஆகாது. அன்றைக்கு குழாய்ப்பாதை கிடையாது. காசு வருவது விளக்குக்கு ஊற்றும் மண்ணெண்ணெயிலும், மெழுகுவத்தி செய்யும் மெழுகிலும். கிணற்றடியிலேயே பிரித்து, விலை போகிற சரக்கை மட்டும் ரயிலேற்றுவதுதான் லாபம். ஆக, ஆலை காட்டிலேயே அமைந்தது.

ஆலை அமைந்தால் ஆட்கள் வேண்டும். பக்கத்தில் நகரம் கிடையாது. தினமும் வந்து போக முடியாது. எனவே தங்க வைத்தாக வேண்டும். தங்க வைத்தால் வீடு, தண்ணீர், ஆஸ்பத்திரி, சந்தை, பள்ளிக்கூடம் எல்லாம் வேண்டும். மலேரியாவில் ஆட்கள் விழுந்தால் ஆலை நிற்கும், அதனால் ஆஸ்பத்திரி கம்பெனிக்கே லாபம். 1921ல் பர்மா ஆயில் கம்பெனி நிர்வாகத்தை எடுத்துக்கொண்ட பிறகு உற்பத்தியும் ஊரும் வேகமாக வளர்ந்தன. குன்றுகளின் மேல் பங்களாக்கள், கிளப், கால்ஃப் மைதானம். கீழே தொழிலாளர் 'லைன்' வீடுகள். பிகாரிகள், நேபாளிகள், வங்காளிகள், பஞ்சாபிகள் என்று எல்லா ஊர் ஆட்களும் வந்து சேர்ந்தார்கள்.

யாரும் பாசத்தினால் ஊரைக் கட்டவில்லை. வேறு வழியில்லாததால் கட்டினார்கள். இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வளம் யாருக்கு?

ஊர் செழித்தது உண்மை. எல்லாருக்கும் ஒரே மாதிரி செழிக்கவில்லை என்பதும் உண்மை. குன்றின் மேலே ஒரு வாழ்க்கை, கீழே ஒரு வாழ்க்கை. 1938ல் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். 1939 ஏப்ரலில் பெரிய வேலைநிறுத்தம், கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர். அந்த மாதமே போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் மூன்று தொழிலாளர்கள் செத்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் உலகப் போர் வந்துவிட்டது. எண்ணெய் போருக்கு வேண்டும் என்று சொல்லிப் போராட்டத்தை அடக்கினார்கள். கம்பெனி கட்டிய ஊரில் வீடும் கம்பெனியுடையது. வேலை போனால் கூரையும் போச்சு. ஊரே முதலாளி சொத்தாக இருப்பதில் இருக்கிற ஆபத்து இது.

போர்க்காலத்தில் டிக்பாய் உச்சத்துக்குப் போனது. பக்கத்து லிடோவிலிருந்துதான் சீனாவுக்குப் போகும் ஸ்டில்வெல் சாலை தொடங்கியது. ஒரு நாளைக்கு 7,000 பீப்பாய் வரை எடுத்தார்கள். ஒரு பீப்பாய் 159 லிட்டர். ஆக சுமார் பதினொரு லட்சம் லிட்டர், தொண்ணூறு தண்ணி லாரி. ஆனால் பூமிக்குள்ளே அழுத்தம் எப்படி இருக்கிறது, எவ்வளவு நிதானமாக எடுக்க வேண்டும் என்றெல்லாம் பார்க்காமல் உறிஞ்சியதில், போர் முடிந்ததுமே உற்பத்தி சரிய ஆரம்பித்தது. ஆயிரத்துக்கும் மேலான கிணறுகள் தோண்டிய அந்த வயலில் பிற்காலத்தில் தினமும் கிடைத்தது சில நூறு பீப்பாய்தான்.

அப்படியானால் டிக்பாய் ஏன் செத்துப் போகவில்லை? ஆலை இருந்ததால். 1953ல் நஹர்காட்டியாவில் புது எண்ணெய் வயல் கிடைத்தது, பிறகு மோரானில். மேல் அசாமின் மற்ற வயல்களிலிருந்து வரும் குரூடை வைத்து டிக்பாய் ஆலை இன்றும் ஓடுகிறது. 1981 அக்டோபரில் இந்தியன் ஆயில் அதை எடுத்துக்கொண்டது. இன்றைக்கு அதன் திறன் வருஷத்துக்கு ஆறரை லட்சம் டன். கிணறு வற்றினாலும் ஆலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் நிற்கின்றன. ஆனால் ஆலை என்பது ஓரளவு ஆட்களோடு ஓடும் மெஷின். நான்காம் தலைமுறைப் பையன்கள் எல்லாருக்கும் அதில் இடம் இருக்காது. அதனால்தான் அந்தத் தம்பி தேர்வாய் கண்டிகைக்கு வந்து மூட்டை ஏற்றுகிறான்.

"ரத்தம் தருவோம், எண்ணெய் தரமாட்டோம்"

கிணற்றைவிட ஆலை முக்கியம் என்பதை அசாம்காரர்கள் நம்மைவிட முன்னாடியே புரிந்துகொண்டார்கள். நஹர்காட்டியா எண்ணெயை எங்கே சுத்திகரிப்பது என்ற கேள்வி 1950களின் பிற்பகுதியில் வந்தபோது, பெரிய ஆலையை பிகாரின் பரௌனியில் வைக்க மத்திய அரசு முடிவு செய்தது. இப்போது குழாய்ப்பாதை வந்துவிட்டது, குரூடை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் அனுப்பலாம். அசாமில் பெரிய போராட்டம் நடந்தது. கடைசியில் அசாமுக்கு கௌஹாத்தியில் சின்ன ஆலை, 1962 ஜனவரி 1ல் நேரு திறந்து வைத்தார். பரௌனியில் பெரிய ஆலை 1964ல் வந்தது. துலியாஜானிலிருந்து பரௌனி வரை 1,157 கிலோமீட்டருக்குக் குழாய்.

அந்தக் காயம் ஆறவில்லை. 1979-80ல் அசாம் இயக்கம் சூடுபிடித்தபோது குரூட் வெளியே போகாமல் மறித்தார்கள். "ரத்தம் தருவோம், எண்ணெய் தரமாட்டோம்" என்பது அன்றைய கோஷம். 1985 அசாம் ஒப்பந்தத்தில் மாநிலத்துக்குப் புதிதாக ஓர் எண்ணெய் ஆலை என்று ஒரு ஷரத்தையே எழுதி வாங்கினார்கள். அப்படி வந்ததுதான் நுமாலிகர் ஆலை. ஒரு தொழிற்சாலைக்காக அரசியல் ஒப்பந்தத்தில் வரி எழுதி வாங்கிய ஜனங்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

நம்ம பக்கம்: நரிமணமும் மணலியும்

தமிழ்நாட்டில் எண்ணெய் கிடைத்த ஊர் என்றால் நாகப்பட்டினம் பக்கத்து நரிமணம். 1980களில் காவிரிப் படுகையில் ஓஎன்ஜிசி வணிக அளவில் எண்ணெய் கண்டுபிடித்த இடங்களில் ஒன்று. அந்த எண்ணெயை நம்பிப் பக்கத்துப் பனங்குடியில் 1993ல் ஒரு சின்ன சுத்திகரிப்பு ஆலை வந்தது. ஆரம்பத்தில் வருஷத்துக்கு ஐந்து லட்சம் டன். பிறகு பத்து லட்சம் டன்.

நரிமணம் டிக்பாய் ஆனதா? ஆகவில்லை. காரணம் யோசித்தால் எளிது. அங்கே காடு இல்லை. பக்கத்திலேயே நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், திருவாரூர் என்று ஆயிரம் வருஷ ஊர்கள். யாருக்கும் புது ஊர் கட்ட வேண்டிய கட்டாயம் வரவில்லை. ஆட்கள் இருக்கிற ஊரிலேயே தங்கி வேலைக்கு வந்து போனார்கள். நஞ்சை நடுவில் கிணறு, குழாய், எரியும் வாயுத் தீ; மற்றபடி கிராமம் கிராமமாகவே இருந்தது. விவசாயிக்குக் கிடைத்தது என்ன என்ற கேள்வி 2017ல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் வெடித்தது. 2020ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்தது. பழைய சின்ன ஆலை இருந்த இடத்தில் வருஷத்துக்கு 90 லட்சம் டன் திறனில் புது ஆலைக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். இவ்வளவு பெரிய ஆலைக்கு நரிமணம் எண்ணெய் எந்த மூலைக்கு? குரூட் கப்பலில்தான் வர வேண்டும்.

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். வடசென்னை மணலியில் ஒரு சொட்டு எண்ணெய் கிடைத்ததில்லை. 1965ல் இந்திய அரசு, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனம், அமெரிக்காவின் அமோகோ மூன்றும் சேர்ந்து மெட்ராஸ் ரிஃபைனரீஸ் தொடங்கின. 1969ல் ஆலை ஓட ஆரம்பித்தது. குரூட் கடல் தாண்டி ஈரானிலிருந்து வந்தது. வயலும் ஏரியுமாக இருந்த மணலி, உரத் தொழிற்சாலை, பெட்ரோகெமிக்கல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து தொழில் நகரமாகி, 2011ல் சென்னை மாநகராட்சிக்குள்ளேயே வந்துவிட்டது. விலையும் கொடுத்தது. காற்று கெட்டது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் கலந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகம்வரை படர்ந்து, மீன்பிடிப் படகுகளெல்லாம் கறுப்பானதை நாமே பார்த்தோம்.

எண்ணெய் கிடைத்த நரிமணம் கிராமமாக இருக்கிறது. எண்ணெயே கிடைக்காத மணலி நகரம் ஆகிவிட்டது. டிக்பாயில் இரண்டும் ஒரே இடத்தில் நடந்தது, அதுவும் கல்கத்தா தூரமாக இருந்த காரணத்தால். ஆக, என் முடிவு இது: பூமிக்குள் என்ன கிடைத்தது என்பதைவிட, எடுத்ததை எங்கே பிரித்தார்கள், அதற்கு வந்த ஆட்களை எங்கே தங்க வைத்தார்கள் என்பதுதான் ஒரு ஊரின் தலையெழுத்தை எழுதுகிறது.

திரும்பவும் தேர்வாய் கண்டிகை

பெரியவர் சொன்னதற்கு இப்போது வருகிறேன். தேர்வாய் கண்டிகை சிப்காட் வந்த ஆயிரத்துச் சொச்சம் ஏக்கர், ஊர்க்காரர்கள் ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்த நிலம். காப்புக்காடு மாதிரி மரம் செடியோடு இருந்தது. அதைக் கொடுக்கமாட்டோம் என்று ஊர் ரொம்ப நாள் போராடியது. 2009ல் மிஷலின் டயர் கம்பெனி தமிழக அரசோடு 4,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. 2012ல் இந்த விவகாரம் பிரான்ஸ் வரைக்கும் போய், பன்னாட்டுக் கம்பெனிகளுக்கான நெறிமுறையைப் பார்க்கும் அந்த நாட்டு அமைப்பில் புகாரானது. ஆலை வந்துவிட்டது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் டயர் செய்கிறார்கள். பிறகு மற்ற ஆலைகளும் வந்தன. 2020 நவம்பரில் கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கமும் திறக்கப்பட்டது, 380 கோடி ரூபாய் செலவில் 0.5 டிஎம்சி கொள்ளளவு. அந்தத் தண்ணீர் சென்னையின் குடிநீருக்கு.

ஒரு வேடிக்கை என்னவென்றால், இங்கேயும் எண்ணெய் வருகிறது. டயரில் ஒரு பங்கு எண்ணெய்தான் என்று சொன்னால் தப்பில்லை. செயற்கை ரப்பர் பெட்ரோகெமிக்கலில் இருந்து வருகிறது. டயருக்குக் கறுப்பு நிறமும் உறுதியும் தரும் கார்பன் பிளாக், கனமான எண்ணெயை அரைகுறையாக எரித்து எடுக்கும் புகைக்கரி. எங்கேயோ தோண்டிய எண்ணெய், எங்கேயோ பிரிந்து, பொடியாகவும் பாளமாகவும் இந்த ஊருக்கு லாரியில் வந்து, டயராகி லாரியிலேயே வெளியே போகிறது. என் சாஃப்ட்வேரில் அது 'இன்வர்ட்', 'அவுட்வர்ட்' என்று இரண்டு காலம். நடுவில் ஊர் என்று ஒரு காலம் கிடையாது.

டிக்பாய் கம்பெனிக்கு இருந்த கட்டாயம் இங்கே யாருக்கும் இல்லை. நல்ல ரோடு இருக்கிறது. கும்மிடிப்பூண்டிக்குப் புறநகர் ரயில் இருக்கிறது. ஆட்களைச் சென்னையிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் பஸ்ஸில் கூட்டி வந்து திருப்பி அனுப்பலாம். அசாம், ஒடிசா, பிகார் பையன்களைக் கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார். ஒரு ரூமில் எட்டுப் பேர் படுப்பார்கள். ஆகவே ஆஸ்பத்திரியும் மேல்நிலைப் பள்ளியும் தானாக வளராது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். அசாம்காரர்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கினார்களே, அந்த மாதிரி. நிலம் கைமாறுவதற்கு முன்பாகவே இத்தனை உள்ளூர் ஆட்களுக்கு நிரந்தர வேலை, இத்தனை பெட் ஆஸ்பத்திரி, இத்தனை ஏக்கர் மேய்ச்சலுக்கு மாற்று நிலம் என்று எழுதினால்தான் உண்டு. அதற்கப்புறம் கேட்பதெல்லாம் மனுதான்.

போன வாரம் மறுபடியும் அந்த டீக்கடைக்குப் போனேன். டிக்பாய்த் தம்பி இல்லை, ஸ்ரீசிட்டி பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டானாம். பெரியவரிடம் நான் படித்ததையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அங்க வேலை போனா வீடும் போயிடும்னு சொன்னீங்களே சார். எங்களுக்கு வீடு எங்களுதுதான். மாடுதான் போச்சு. இதுல எது தேவலை?"

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். உங்கள் ஊரில் சிப்காட்டோ ஆலையோ வந்திருந்தால், அதற்கு முன்னால் அந்த நிலத்தில் என்ன இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். டிக்பாயில் அதைச் சொல்ல ஒரு மியூசியம் இருக்கிறது. நம்ம ஊரில் பெரியவர்களின் ஞாபகம் மட்டும்தான் இருக்கிறது.